கைப்பிடி இல்லாத கதவு

ஏணி நிக்குது பாதியிலே
கீழ்ப்படி ஒண்ணும் இல்லையே
கறுப்புத் தண்ணி ஓடுது ஓடுது
கரையில மரமே இல்லையே

மெத்தை போட்ட சுவரு நாலு
கத்தினா திரும்பி வரலையே
வெள்ளைப் பூனை வந்து போகுது
கதவுக்கு இந்தப் பக்கம் கைப்பிடி இல்லையே

ஊரே இந்தப் பாட்டைக் கேட்டு அழுதுகொண்டிருந்த காலை அது. என் அத்தான் மட்டும் அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, வாடகை வீட்டு விளம்பரத்தைப் படிக்கிறவர் மாதிரி விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் துப்பறிவாளர். என் அக்காவைக் கட்டிக்கொண்டவர். இலவச இணைப்பாக வந்த என்னை உதவியாளராக வைத்துக்கொண்டிருக்கிறார். துப்பில் புலி. பாட்டு விஷயத்தில் கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்கிற ரகம். தாலாட்டுக்கும் ராக் பாட்டுக்கும் வித்தியாசம் கேட்டால் இரண்டாவதில் தூக்கம் வராது என்பார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பல் டாக்டர். கிளினிக்கிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தார். வெள்ளைக் கோட்டு, தாடைக்குக் கீழே இறக்கிவிட்ட முகமூடி. பாட்டைப் பாடியவனுக்கு இவர் சொந்த அக்கா. ரசிகர்கள் அவனைப் புயல் என்று கூப்பிடுவார்கள்.

"எல்லாரும் ஆத்துல பொணத்தைத் தேடிட்டு இருக்காங்க," என்றார் டாக்டர். "ஒருத்தராவது என் தம்பியைத் தேடணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

நடந்தது இவ்வளவுதான். முந்தாநாள் சாயங்காலம் புயல் வீட்டைவிட்டுப் போனான். திரும்பவில்லை. நேற்றுக் காலை அவனுடைய குழுவின் கிடார்காரன் இந்தப் புதுப் பாட்டை இணையத்தில் போட்டான். புயலைக் காணோம் என்ற செய்தி பரவியதும், இது தற்கொலைப் பாட்டு என்று ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் போலீஸ் ஆற்றில் படகு இறக்கிவிட்டது.

சுவர் டிவியில் ஒரு இலக்கியப் பேராசிரியர் பொழிப்புரை சொல்லிக்கொண்டிருந்தார். பாதி ஏணி, பாதியில் முடிந்த வாழ்வு. மெத்தை போட்ட சுவர், புண்பட்ட மனம். கறுப்புத் தண்ணீர், மரணம். உள்ளே கைப்பிடி இல்லாத கதவு, போனால் திரும்ப முடியாத வாசல். வெள்ளைப் பூனை, உடலை விட்டுப் பிரிகிற ஆன்மா.

"பூனைன்னா பூனைதானே?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அத்தான் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு டாக்டரிடம் திரும்பினார். "இந்தப் பாட்டுல நான் இல்லை, நீ இல்லை. போறேன், மன்னிச்சுடு, நாசமாப் போங்க, எதுவும் இல்லை. சாகப் போற மனுஷன் யார்கிட்டயாவது எதையாவது சொல்லிட்டுப் போவான். இதுல ஆளே இல்லை. ஏணி இருக்கு, சுவர் இருக்கு, பூனை இருக்கு. உங்க தம்பி சின்ன வயசுலேருந்தே கவிதை எழுதுவாரா?"

"கவிதையா? பள்ளிக்கூடத்துக் கட்டுரையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். லீவு லெட்டர்கூட நான்தான். அப்புறம் பெரிய கவிஞன்னு பேப்பர்ல எல்லாம் போட்டப்ப, சரி, ஞானம் பிறந்திடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஞானம் அவ்வளவு சுலபமா பிறக்காது. என் மச்சினியைப் பாருங்க."

நான் பதில் சொல்வதற்குள் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தார். இன்ஸ்பெக்டரின் குரல் களைத்திருந்தது.

"சார், பொழுது சாயற வரைக்கும் ஆத்துல தேடுவோம். கிடைக்கலைன்னா வெள்ளம் இழுத்துட்டுப் போயிடுச்சுன்னு எழுதி மூட வேண்டியதுதான்."

"வேற எங்கேயாவது தேடினீங்களா?"

"வேற எங்கே தேடறது? அவரே பாட்டா பாடி வச்சுட்டுப் போயிருக்காரே."

டாக்டர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஜோக்கு எதுவும் வரவில்லை.

* * *

குழுவின் ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. வாசலில் ரசிகர்கள் மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் மேலே வர மறுத்துவிட்டார். தம்பியின் படத்துக்குப் போட்டிருந்த மாலையைப் பார்த்துவிட்டு, காரிலேயே இருக்கிறேன் என்றார்.

உள்ளே இரண்டு பேர். கிடார்காரனை எல்லோரும் நெட்டை என்பார்கள். நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் அவன் எப்படி வளர்ந்தான் என்பதே தனி வழக்கு. கண்கள் சிவந்திருந்தன. சேனல்காரர்களுக்குப் பேட்டி கொடுத்துக் கொடுத்துத் துக்கம் அவனுக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது. டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு பெண். முப்பதைத் தாண்டியவள், குட்டை முடி. பட்டப்பெயர் இடி. முரசின் ஒரே திருகை முறுக்கிக்கொண்டும் தளர்த்திக்கொண்டும் இருந்தாளே தவிர, நிமிரவில்லை.

"பாட்டெல்லாம் அவன் எழுதினதுதான் சார்," என்றான் நெட்டை. "நான் கிடார், இவங்க தாளம். வரி மொத்தமும் அவன்."

"கடைசிப் பாட்டு உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"அன்னைக்கு நான் அவனைப் பார்க்கவே இல்லை சார். காலையில வந்து கதவைத் திறந்தா, இதோ இந்தக் கதவுக்கு அடியில ஒரு பென்டிரைவ். தள்ளி விட்டுட்டுப் போயிருக்கான்." குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நான் கதவருகே போய், செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் குனிந்தேன். சத்தம் வெளியே போகாமலிருக்கக் கதவின் அடியில் தடித்த ரப்பர் பட்டை வைத்திருந்தார்கள். எங்கள் விசிட்டிங் கார்டை எடுத்து நுழைத்துப் பார்த்தேன். கார்டு மடங்கியதே தவிர நுழையவில்லை. மடங்கிய கார்டை அத்தான் பார்க்கிற மாதிரி பிடித்துக்காட்டிவிட்டுப் பைக்குள் போட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் அப்படித்தான், சீட்டாட்டத்தில் உட்கார்ந்தால் அக்காவே எழுந்து போய்விடுவாள்.

"பழைய பாட்டு ஒண்ணு," என்றார் அத்தான் ரொம்பச் சாவகாசமாக. "சட்டைப் பொத்தான் என்கிட்ட இருக்கு, ஊசி நூலு உன்கிட்ட இருக்கு, தைக்க யாரு வருவான்னு வருமே. அது தையல்காரங்க வேலை நிறுத்தத்தைப் பத்தினதுதானே?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நெட்டை பெரிதாகத் தலையாட்டினான். "ஆமா சார். சமூக அக்கறை அவனுக்கு ஜாஸ்தி."

"பொத்தான்னா தொழிலாளி. ஊசி முதலாளி."

"கரெக்டா பிடிச்சீங்க சார்."

"இல்லை," என்றாள் இடி.

திருகுச் சாவி தரையில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை. "தையல்காரனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒருத்தன் வீட்டை விட்டுப் போறான். போற அவசரத்துல பொத்தான் அறுந்து விழுது. அவ அதை எடுத்து வச்சுக்கறா. திரும்ப வந்தா தைச்சுக் கொடுக்கலாம்னு. ஊசி நூல் டப்பாவை அவன் எடுத்துட்டுப் போயிட்டான். அவ்வளவுதான். இதுல வேலை நிறுத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் பேசிவிட்டது அவளுக்கே உறைத்தது.

நெட்டை சிரித்தான். "அவன் எங்ககிட்ட எல்லாம் விளக்கிச் சொல்லுவான் சார்."

"உங்ககிட்ட மட்டும் சொல்லலை போலிருக்கு," என்றார் அத்தான். "நீங்க சமூக அக்கறைன்னீங்க."

நெட்டையின் சிரிப்பு அப்படியே நின்றது. சட்டைப் பையில் போன் அடிக்கவில்லை. அடித்ததுபோல் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "சேனல்காரங்க, ஒரு நிமிஷம்," என்று வெளியே போனான்.

அத்தான் அவள் எதிரே ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "பாட்டுக்குத் தப்பா அர்த்தம் சொன்னா கேக்கறவங்களுக்குச் சிரிப்பு வரும். எழுதினவங்களுக்குத்தான் கோபம் வரும். எல்லாம் நீங்க எழுதினதுதானே?"

அவள் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டாள். "பொத்தான் இன்னும் என் அலமாரியிலதான் இருக்கு," என்றாள்.

பிறகு சொன்னாள். ஆரம்பத்திலிருந்தே எழுதுவது அவள்தான். பாடகனே கவிஞனாக இருந்தால்தான் ரசிகன் உருகுவான் என்று நெட்டை சொன்னான். அவளும் ஒத்துக்கொண்டாள். புயலுக்குத்தான் வர வர அது பொறுக்கவில்லை. கல்லூரிகளில் கூப்பிட்டுக் கவிதை பற்றிப் பேசச் சொல்லும்போது மேடையில் வியர்த்துக் கொட்டுமாம்.

"அடுத்த நிகழ்ச்சியில எல்லார் முன்னாடியும் உன் பேரைச் சொல்லிடப் போறேன்னான். நெட்டை ஒரேயடியா எகிறிட்டான். அப்புறம் இந்தப் பாட்டு வந்துச்சு. முதல் தடவையா அவனே எழுதியிருக்கான். நாங்க சொன்ன பொய்யாலதான் போயிட்டான்னு நேத்துலேருந்து அழுதுட்டு இருக்கேன்." கீழே கிடந்த திருகுச் சாவியை எடுத்துக்கொண்டாள். "உண்மையைச் சொல்லணும்னா பொறாமையும் பட்டேன். அந்தக் கைப்பிடி வரி மாதிரி எனக்கு ஒரு வரி வந்ததில்லை."

"நீங்க எழுதறதுக்கு மெட்டு எப்படி வரும்?"

"டம்மி போட்டு அனுப்புவான். மெட்டு மறக்காம இருக்க வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடறது. அதைக் கேட்டு நான் வரி எழுதுவேன். அப்புறம் டம்மியை அழிச்சுடுவோம்."

"ஒண்ணு போடுங்க, கேக்கலாம்."

அவள் போனில் தேடிப் போட்டாள். ஆயிரம் பேரை எழுந்து நிற்கவைக்கிற அந்தக் குரல், நெஞ்சு வெடிக்கிற மாதிரி பாடியது.

மேசை மேல ரெண்டு டம்ளர்
ஒண்ணுல ஈ விழுந்திருக்கு
ஜன்னல் கம்பியில ஈரச் சட்டை
காலையிலேருந்து காயலையே

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் நின்றுபோயிற்று. காயலையே. வரலையே. மரமே இல்லையே.

இடியும் என்னைப் பார்த்தாள்.

"அவனுக்கு வாய்க்கு வர்றதெல்லாம் கண்ணுல படறதுதான்," என்றாள் மெதுவாக. "எதிர்ல இருக்கறதைத்தான் பாடுவான். வேற எதுவும் பாடத் தெரியாது."

"அப்போ அது சாவு இல்லை," என்றார் அத்தான். "ஒரு இடம். உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு நிஜமாவே எங்கேயோ இருக்கு. அதுக்கு எதிர்ல உட்கார்ந்து பாடியிருக்கார். இது டம்மின்னு கேட்டவுடனே யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பாட்டா மாத்தி, கிடாரெல்லாம் சேர்த்து வந்ததால ஏமாந்துட்டேன்." நெட்டை போன கதவைப் பார்த்தாள். "கூட இருந்து ரெக்கார்டு பண்ணினவனுக்குத் தெரியும்."

நான் வெளியே ஓடினேன். மாடிப்படியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சேனல்காரர், நெட்டை சார் எங்கே என்று என்னையே கேட்டார். கீழே அவனுடைய கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

* * *

டாக்டர் ஓட்டினார். எந்தப் பக்கம் என்று தெரியாமலே ஓட்டினார். நின்றுகொண்டிருப்பதைவிட அது அவருக்குத் தேவலையாக இருந்தது. இடி போலீஸுக்கு விவரம் சொல்ல ஸ்டூடியோவிலேயே தங்கிவிட்டாள்.

"இடி குழுவுல சேர்றதுக்கு முன்னாடி பசங்க ரெண்டு பேரும் வேற ஏதோ இடத்துல ப்ராக்டீஸ் பண்ணியிருக்காங்க," என்றார் அத்தான். "எங்கேன்னு அவங்களுக்குத் தெரியலை. உங்களுக்கு?"

"வீட்டுல அப்பாவுக்கு இது பிடிக்காது. எங்கே போறேன்னு சொல்லவே மாட்டான்."

அத்தான் காகிதத்தைப் பிரித்தார். "மெத்தை போட்ட சுவர். கத்தினா எதிரொலி இல்லை. கதவுக்கு உள்ளே கைப்பிடி இல்லை. எந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருக்காது?"

"லாக்கப்," என்றேன்.

"லாக்கப்புக்கு மெத்தை போட மாட்டாங்க."

"அப்போ நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ். உள்ளேருந்து திறக்க வேண்டிய அவசியம் கத்திரிக்காய்க்குக் கிடையாது பாருங்க."

சொன்னவுடன் அத்தான் என் பக்கம் முழுதாகத் திரும்பினார். நான் வேடிக்கைக்குச் சொன்னதை அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது மெதுவாகத்தான் எனக்குப் புரிந்தது. ஆள் நுழைகிற அளவுக்கு ஃப்ரிட்ஜ். குளிர் போகாமலிருக்கச் சுவர் முழுக்கத் தக்கை. குளிர் போகாத சுவரில் சத்தமும் போகாது. டிரம்ஸ் அடித்தாலும் அண்டை வீட்டுக்காரன் சண்டைக்கு வர மாட்டான். வாடகை கொடுக்க வக்கில்லாத ஒரு ராக் குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"ஆத்துத் தண்ணி என்ன நிறம்?" என்றார் அத்தான்.

"பழுப்பு."

"கறுப்பா எங்கே ஓடும்?"

"சாயப்பட்டறைக்குப் பின்னால வாய்க்கால்," என்றார் டாக்டர். கார் ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்தது. "அங்கே மூடிக் கிடக்கற ஐஸ் ஃபேக்டரி ஒண்ணு இருக்கு."

நான் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு, படகைவிட்டு இறங்கி ஜீப்பில் ஏறச் சொன்னேன்.

கார் வேகம் பிடித்தது. பிறகு டாக்டர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஐஸ் ரூம்ல காத்து வருமா?"

அவர் டாக்டர். பதில் எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இவ காலையில ஒண்ணு கேட்டா," என்றார் அத்தான். "பூனைன்னா பூனைதானேன்னு. பூனைதான். வந்து போகுதுன்னு பாடியிருக்கார். பூனை போக வழி இருந்தா காத்துக்கும் வழி இருக்கும்."

"பாடறப்ப கதவு திறந்துதானே இருந்திருக்கும்? கதவு வழியா வந்திருந்தா?"

அத்தான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். என் வாழ்நாளில் ஒரு பூனைக்காக இவ்வளவு வேண்டிக்கொண்டது கிடையாது.

* * *

முதலில் கண்ணில் பட்டது ஏணி.

செங்கல் சுவரோடு ஒட்டிக் கூரைக்குப் போகிற இரும்பு ஏணி. பையன்கள் ஏறிவிடக் கூடாதென்று ஆள் உயரத்துக்குக் கீழ்ப்படிகளை அறுத்து எடுத்திருந்தார்கள். பேராசிரியரின் பாதியில் முடிந்த வாழ்வு துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வாய்க்கால், தார் மாதிரி. கரையில் ஒரு மரம் இல்லை. பக்கத்துப் பட்டறையின் இயந்திரங்கள் காதைப் பிளந்தன.

நெட்டையின் கார் பின்மூடி திறந்து நின்றது. உள்ளே பாதி ஏற்றிய ஸ்பீக்கர் பெட்டி, சுருட்டிய வயர்கள். தடயத்தை அள்ளிக்கொண்டு போக வந்தவன் பாதியில் விட்டுவிட்டு, கட்டடத்துக்குள் ஒரு பெரிய கதவின் முன்னால் படியில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்து ஓடவில்லை.

"அக்காவை உள்ளே விடாதீங்க," என்றான். "பார்க்க முடியாது."

டாக்டர் அப்படியே நின்றார்.

"அடைக்கணும்னு அடைக்கலை. புது மெட்டு போடத்தான் பழைய இடத்துக்கு வந்தோம். மேடையில சொல்லிடுவேன், சொல்லிடுவேன்னு அதையே சொன்னான். கொஞ்ச நேரம் அடங்கிக் கிடன்னு கதவை அறைஞ்சுட்டுப் போனேன். ஒரு மணி நேரத்துல வந்து திறக்கணும்னுதான். ரெக்கார்டர்ல அவன் பாடின டம்மி இருந்துச்சு. போட்டுப் பார்த்தேன். நல்லா இருந்துச்சு சார். கிடார் சேர்த்தேன். உட்கார்ந்தா எனக்கு நேரம் போறது தெரியாது. விடிஞ்சிடுச்சு. சும்மா ரசிகர்களை உசுப்பேத்தலாம்னு நெட்ல போட்டேன்."

"கடைசிப் பாட்டுன்னு?"

"நான் சொல்லலை சார். அவங்கதான் சொன்னாங்க. வரிக்கு வரி அர்த்தம் கண்டுபிடிச்சு எழுதினாங்க. சேனல்காரன் அப்படியான்னு கேட்டான். ஆமான்னேன். அந்த ஒரு ஆமாதான். அதுக்குள்ள ஆத்துல படகு இறக்கிட்டாங்க. அப்புறம் எப்படி சார் வந்து கதவைத் திறக்கறது?"

இவ்வளவு நேரமும் இவன் மேல் எனக்கு இருந்த கோபத்தோடு கொஞ்சம் பயமும் சேர்ந்துகொண்டது. ஒரு ஆமாவுக்குப் பின்னால் ஒரு மனிதனை உள்ளேயே விட்டுவிட முடியும் என்று அவன் சொன்ன தொனி, பஸ்ஸைத் தவறவிட்டவன் சொல்கிற தொனியாக இருந்தது.

அத்தான் அவனைத் தாண்டிக் கதவிடம் போனார். மரத்தில் செய்து தகரம் அடித்த, ஒரு முழத்துக்கும் மேல் தடிமனான கதவு. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி. அதன் மேல் தூசி அப்பியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் தூசி இல்லை. அந்த இடம் ஒரு காது அளவுக்கு இருந்தது.

"நேத்து வந்திருக்கீங்க," என்றார். "காதை வச்சுக் கேட்டிருக்கீங்க."

நெட்டை தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "படகு இறக்கினப்புறம் மனசு கேட்கலை. திறந்துடலாம்னுதான் வந்தேன். சத்தமே இல்லை. அவன் தொண்டை உங்களுக்குத் தெரியாது சார். உயிரோட இருந்தா இந்தக் கட்டடமே அதிரும். போயிட்டான்னு தெரிஞ்சுது. திரும்பிட்டேன்."

"இந்த இடத்தை ப்ராக்டீஸுக்கு எதுக்காகப் பிடிச்சீங்க?"

"டிரம்ஸ், கிடார் எதுவும் துளிக்கூட வெளியே கேக்..."

அவன் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் டாக்டரின் கை என் தோளை இறுக்கியது. அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கூரைக்குப் பக்கத்தில் உடைந்த குளிர்க்காற்றுக் குழாய் ஒன்று சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு வெள்ளைப் பூனை தலையை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே போய்விட்டது.

அத்தானும் நானும் சேர்ந்து நெம்புகோலைத் தூக்கினோம். கதவு ஒரு பெருமூச்சோடு விட்டுக்கொடுத்தது.

புயல் அந்தக் குழாய்க்கு நேர் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடுகள் வெடித்திருந்தன. முட்டிகளில் காய்ந்த ரத்தம். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, யார் என்று தெரியாமல் கையைத் தூக்கினான். டாக்டர் என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். நாற்காலியில் சாய்ந்திருக்கும் எந்த நோயாளியின் தாடையையும் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, "மெதுவா. மூடியில கொஞ்சம். அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம்," என்று நிதானமாகப் புகட்டினார். நாலு மிடறு இறங்கிய பிறகு அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளியே ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார்.

புயல் கதவைப் பார்த்தான். நெட்டை அங்கே நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவும் இல்லை, விலகவும் இல்லை.

"நேத்து வந்தேல்ல," என்றான் புயல். அந்தக் குரலில் இப்போது வெறும் காற்றுதான் இருந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. "கண்ணாடியில உன் காதைப் பார்த்தேன். இந்தப் பக்கம் நின்னு கத்தினேன். கதவை உதைச்சேன். உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ காதை வச்சுக்கிட்டே இருந்தே."

"எனக்குக் கேட்கலைடா," என்றான் நெட்டை.

"கேட்காதுன்னு எனக்குத் தெரியும். எத்தனை வருஷம் இதுக்குள்ள அடிச்சிருக்கோம்." அவன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டான். "அதே கண்ணாடிதானேடா. காதை எடுத்துட்டுக் கண்ணை வச்சிருந்தா நான் தெரிஞ்சிருப்பேனே."

காலையிலிருந்து எல்லாச் சேனலுக்கும் தடையில்லாமல் பதில் சொன்னவன் நெட்டை. இப்போது அவன் அந்தக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.